புல்தரையில் இறங்கிய விமானங்கள்

பரந்தூர் விமான நிலையம் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். அதில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "ஒரு விமானம் இறங்க எதற்கு சார் இவ்வளவு நிலம்?" இதற்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தொடக்கத்தில் விமானத்துக்கென்று ஓடுதளமே கிடையாது. 1910-ல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டி, நம் பல்லாவரத்தில்தான் பறக்கவிட்டுப் பார்த்தார். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்ட்சென்ட். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! பம்பாயின் ஜூஹு மைதானம் மழைக்காலத்தில் சேறாகிவிடும். அந்த மாதங்களில் பூனாவிலிருந்து பறந்தார்கள்.

புல்வெளியில் ஒரு வசதி உண்டு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை எதிர்த்து இறங்கலாம். அப்படி இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும்.

ஆபத்தும் அதே புல்லில்தான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. உள்ளே இருக்கும் பள்ளமும் வரப்பும் சதுப்பும் தெரியாது. ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கும். அந்தக் கால 'மாத்' வகைச் சிறு விமானங்களில் பிரேக் கிடையாது. வாலின் அடியில் இருக்கும் கட்டை தரையில் உரசித்தான் வேகம் குறைய வேண்டும். சக்கரம் பள்ளத்தில் மாட்டினால் மூக்கு தரையில் குத்தும், புரொப்பல்லர் உடையும்.

ஏமி ஜான்சன் கதையைப் பாருங்கள். 26 வயதுப் பெண். 1930 மே 5-ல் இங்கிலாந்தின் குராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகக் கிளம்பினார். ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கும்போது சிறகு அடிபட்டது. அதைச் சரிசெய்துகொண்டு, நம் தமிழர்கள் ஏராளமாக வாழ்ந்த ரங்கூனுக்குப் போனார். குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்க நினைத்தவர், மழையில் அது கண்ணில் படாமல், இன்செயினில் ஒரு பொறியியல் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். விமானம் நிற்காமல் ஓடி, பள்ளத்தில் விழுந்தது. சிறகும் சக்கரமும் புரொப்பல்லரும் சேதம். அங்கிருந்தவர்களின் உதவியோடு பழுது பார்த்து, கையோடு கொண்டுவந்த மாற்றுப் புரொப்பல்லரைப் பொருத்திக்கொண்டு கிளம்பினார். மே 24-ல் டார்வின் போய்ச் சேர்ந்தார்.

இத்தனை அடிபட்டும் அவர் பிழைத்தது எப்படி? விமானம் மரத்தாலும் துணியாலும் ஆனது. இறங்கும் வேகம் மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர், இன்று நம் சாலையில் பைக் போகும் வேகம். இன்றைய பயணிகள் ஜெட் அறுபது டன் எடையோடு, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அதைப் புல்தரை தாங்காது. ஆகவே எடையும் வேகமும் கூடக் கூட, கெட்டித் தளமும் கூடுதல் நீளமும் தேவைப்பட்டன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் மாநிலத்திலும் பல ஓடுதளங்கள் போட்டார்கள். சோழவரம் அதில் ஒன்று. போருக்குப் பின் அங்கே கார் பந்தயம் நடந்தது. அந்தப் பந்தயம்தான் பிறகு பென்னலூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. விடுமுறை நாளில் நம் காதில் விழும் இரைச்சலுக்கும் ஒரு விமான ஓடுதளம்தான் பூர்வீகம்!

ஆக, மாணவர் கேள்விக்குப் பதில் இதுதான். நீண்ட தளமும் அதைச் சுற்றி வெற்றிடமும் பயணிகளின் உயிரைக் காக்கின்றன. அது வீண் ஆடம்பரம் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை நிலம். பல்லாவரத்தில் விமானம் போனபின் மாடு மறுபடி மேய்ந்திருக்கும். பரந்தூரில் கேட்பது 13 கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். வயலும் ஏரியும் வீடும் அதில் அடக்கம். போனால் திரும்பாது. 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடுவது அதனால்தான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்கள் நாம். ஓரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு விமான நிலையம் வந்தால் நல்லது என்று தோன்றலாம், அதில் தப்பில்லை. ஆனால் நிலம் தர மறுப்பவரை 'முன்னேற்றத்தின் எதிரி' என்று குழுக்களில் எழுதாதீர்கள். நம் பயணத்தின் பாதுகாப்புக்கு விலை கொடுக்கச் சொல்வது அவர்களைத்தான்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.