முயலும் முட்டையும்

1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாதெமியில் நிகொலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குப் புகட்டினார். நாளடைவில் பெருந்தமனிச் சுவரில் கொழுப்பு படிந்து தடித்தது. வெறும் எண்ணெய் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல் தின்னும் பிராணியை வைத்து மனிதனைப் பற்றிப் பேசுவதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எலியிடமும் நாயிடமும் இதே வித்தை பலிக்கவில்லை. ஆனால் ஏன் பலிக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருந்தது. எத்தனை புகட்டினாலும் அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் ஏறவில்லை. 1946-ல் நாய்களின் தைராய்டை மருந்தால் மட்டுப்படுத்திவிட்டுக் கொலஸ்ட்ரால் கொடுத்தபோது ரத்த அளவு ஏறியது, நாயின் தமனியும் தடித்தது. ஆக, குற்றவாளியை இலையில் தேடியது தவறு. ரத்தத்தில் தேடியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் கொலஸ்ட்ரால் பற்றிய சண்டை இத்தனை காலம் நீண்டது என்பது என் கட்சி.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுவது இதய நோயின் காரணமா, கூடவே வரும் அறிகுறியா? 1973-ல் டல்லாஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் ஒரு பரம்பரைக் கோளாறை ஆராய்ந்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி, பெற்றோர் இருவர் வழியிலும் பழுதாகி வந்த பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தது. புகை, வேலை நெருக்கடி என்று அந்தப் பிள்ளைகள் மேல் எதைப் பழி போடுவது? மறுபக்கச் சாட்சி 2006-ல் வந்தது. பிசிஎஸ்கே9 மரபணு பழுதானதால் பிறவியிலேயே எல்டிஎல் 28 சதவீதம் குறைந்திருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் குளோஃபைப்ரேட். 1978-ல் வெளியான ஆய்வில் அந்த மருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்தது, மொத்த மரணங்களோ கூடின. அந்தப் பழி மருந்தைச் சேருமா, கொள்கையைச் சேருமா என்று அன்று சொல்ல வழியில்லை. 1994-ல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு மருந்தான சிம்வாஸ்டாடின் மரணத்தை 30 சதவீதம் குறைத்தபோது வழி பிறந்தது. மாரடைப்பு வந்தவர்களில் பலருக்குக் கொலஸ்ட்ரால் 'நார்மல்'தானே என்கிறார்கள். ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது சராசரியை நார்மல் என்று எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

முட்டை விஷயத்தில் மட்டும் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான் நான். கொலஸ்ட்ராலைக் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலோருக்கு உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. வாரம் மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் கூடாது என்று 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. உணவில் நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை 2015-க்குப் பின் வந்த அமெரிக்க அரசின் வழிகாட்டி கைவிட்டது. நிறைவுற்ற கொழுப்புக்கான வரம்பை அது தொடவில்லை.