கேள்வி கேட்ட அதிபரும் காத்திருந்த தாய்மார்களும்

2000-ஆம் ஆண்டு ஜூலை 9. தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரமான டர்பனில் ஒரு கிரிக்கெட் திடல். 1860-இல் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய மதராசிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய அதே டர்பன். அன்று மாலை அங்கே 13-ஆவது அனைத்துலக எய்ட்ஸ் மாநாடு தொடங்கியது. ஆப்பிரிக்க மண்ணில் அந்த மாநாடு நடந்தது அதுவே முதல் முறை.

அந்த மேடையில் இருவர் பேசியதை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஒருவர் நாட்டின் அதிபர் தாபோ எம்பெக்கி. மற்றவர் 11 வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன். பிறக்கும்போதே தாயிடமிருந்து எச்.ஐ.வி. கிருமியைப் பெற்ற பிள்ளை அவன். தாயையும் அந்நோய்க்குப் பறிகொடுத்தவன்.

சிறுவன் கேட்டது பெரிய வரம் ஒன்றுமல்ல. கிருமி தொற்றிய கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசாங்கம் மருந்து கொடுக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைகளுக்கு நோய் போகாது என்றான். அதிபரோ, எல்லாப் பழியையும் ஒரே ஒரு கிருமியின் மேல் போட்டுவிட முடியாது, ஆப்பிரிக்காவைக் கொல்வது வறுமைதான் என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்ட பேராளர்கள் பலர் எழுந்து வெளியேறினர்.

என்கோசி 2001 ஜூன் 1-ஆம் தேதி இறந்தான். அப்போது அவனுக்கு வயது 12.

வெள்ளம் போல் வந்த நோய்

எம்பெக்கியின் நடத்தையை எடைபோடுமுன், நோய் எந்த வேகத்தில் பரவியது என்பதைப் பார்க்க வேண்டும். 1990-இல் தென்னாப்பிரிக்க அரசு மருந்தகங்களுக்கு வந்த கர்ப்பிணிகளில் எச்.ஐ.வி. தொற்றியோர் 100-க்கு ஒருவர்கூட இல்லை. 2000-ஆம் ஆண்டில் அது 24.5 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் நான்கு கர்ப்பிணிகளில் ஒருவர் என்ற நிலை!

இதற்கு எம்பெக்கி ஒருவரே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. நிறவெறி அரசு கறுப்பின மக்களின் சுகாதாரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. 1994-இல் ஆட்சிக்கு வந்த நெல்சன் மண்டேலாவுக்கோ நாட்டை ஒன்றாக வைத்திருப்பதே பெரும்பாடு. எய்ட்ஸ் விஷயத்தில் தாம் செய்தது போதாது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் 1999 ஜூன் மாதம் எம்பெக்கி அதிபரானபோது நிலைமை வேறு. நோயைப் பற்றிய அறிவு வளர்ந்திருந்தது. மருந்தும் வந்திருந்தது. அதே ஆண்டு உகாண்டாவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளியானது. பிரசவ வலி கண்ட தாய்க்கு நெவிராபின் மாத்திரை ஒன்று, பிறந்த குழந்தைக்குச் சில சொட்டு. அவ்வளவுதான். குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2000-இல் அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனம், வளரும் நாடுகளுக்கு ஐந்து ஆண்டுகள் இலவசமாகவே தருவதாகவும் அறிவித்தது.

படித்தவர், போராளி, பிடிவாதக்காரர்

எம்பெக்கி ஒன்றும் அறியாதவர் அல்லர். விடுதலைப் போராட்ட வீரர் கோவன் எம்பெக்கியின் மகன். 28 ஆண்டுகள் நாடு கடந்து வாழ்ந்து போராடியவர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர். இரவு நெடுநேரம் விழித்திருந்து இணையத்தில் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் உள்ளவர்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. எச்.ஐ.வி. கிருமியால் எய்ட்ஸ் வருவதில்லை, எய்ட்ஸ் மருந்துகள்தாம் ஆளைக் கொல்கின்றன என்று வாதிட்ட சிறு குழுவினரின் எழுத்துகள் அவர் கண்ணில் பட்டன. 1999 அக்டோபரில், ஏ.இஸட்.டி. என்ற மருந்து ஆபத்தானது என்று நாடாளுமன்ற மேலவையிலேயே பேசினார். 2000 மே மாதத்தில் அவர் அமைத்த ஆலோசனைக் குழுவில், நோயின் காரணத்தையே மறுப்போருக்கு மற்ற அறிவியலாளர்களுக்குச் சமமாக இடம் தரப்பட்டது.

உலக அறிவியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. எச்.ஐ.வி.தான் எய்ட்சுக்குக் காரணம் என்பதை வலியுறுத்தும் டர்பன் பிரகடனத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அது அதிபர் அலுவலகத்துக்கு வந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும் என்றார் அதிபரின் பேச்சாளர்.

அவர் ஏன் இப்படி நடந்துகொண்டார்? அவருடைய ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆப்பிரிக்கரை ஒழுக்கமற்றவர்களாகவும் நோய் பரப்புவோராகவும் சித்திரித்தே பழகியவர்கள் வெள்ளை ஆட்சியாளர்கள். நிறவெறி அரசு மருத்துவர்களை வைத்து இரகசிய இரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டமே நடத்தியது. மேல்நாட்டு மருந்து நிறுவனங்களும் ஏழை நாடுகளுக்கு நல்ல பெயர் எடுத்தவை அல்ல. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த மனிதர், வெளியார் சொல்லை அப்படியே விழுங்க மறுத்ததில் வியப்பில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 1997-இல் துணை அதிபராக இருந்தபோது, விரோடீன் என்ற உள்நாட்டு 'மருந்தை' ஆதரித்தவரும் இதே எம்பெக்கிதான். அது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு கரைப்பானிலிருந்து செய்யப்பட்டது. முறையாகச் சோதிக்கப்படாத அதற்கு வாய்ப்புக் கேட்டவர், முறையாகச் சோதிக்கப்பட்ட மருந்தின் மேல் சந்தேகம் கொண்டார். எல்லாவற்றையும் கேள்வி கேட்பவர் என்று அவரைச் சொல்ல முடியவில்லை. தமக்குப் பிடிக்காத விடையை மட்டுமே கேள்வி கேட்டார்.

வென்ற வழக்கும் வீணான வாய்ப்பும்

இன்னொரு முரணும் உண்டு. மலிவான மருந்துகளை வரவழைக்க வழி செய்யும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1997-இல் இயற்றியது. அதை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. உலகமே ஏழைகளின் பக்கம் திரண்டதால், 2001 ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை மீட்டுக்கொண்டன. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இந்தியாவின் சிப்லா நிறுவனம், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் பிடித்த கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்திருந்தது.

கதவு திறந்துவிட்டது. ஆனால் வழக்கில் வென்ற அரசாங்கம் அந்தக் கதவு வழியே நடக்கவில்லை! மற்ற நாடுகள் நடந்தன. மலேசியா 2003-இல், காப்புரிமை பெற்ற மருந்துகளுக்குப் பதிலாக அதே சிப்லாவின் மலிவு மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கு வரவழைக்க அனுமதித்தது. தென்னாப்பிரிக்காவின் அண்டை நாடான போட்ஸ்வானா 2002-லேயே அரசாங்கச் செலவில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. அதன் அதிபர் ஃபெஸ்டஸ் மொகாயே எய்ட்சைத் தன் மக்களை அழிக்க வந்த நோயாகவே கண்டு வெளிப்படையாகப் பேசினார்.

தென்னாப்பிரிக்காவிலோ நெவிராபின் மாத்திரை மாநிலத்துக்கு இரண்டு வீதம் 18 சோதனை மையங்களில் மட்டுமே தரப்பட்டது. மற்ற அரசு மருத்துவமனைகளில் பிரசவம் பார்த்த மருத்துவர்களின் கைகள் கட்டப்பட்டிருந்தன. காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போன தாய்க்கு அதே மாத்திரை கிடைத்தது. ஏழைத் தாய்க்குக் கிடைக்கவில்லை. வறுமைதான் கொல்கிறது என்று சொன்ன அதிபரின் ஆட்சியில்தான் இது நடந்தது.

நீதிமன்றப் படியேறிய நோயாளிகள்

அரசாங்கம் அசையவில்லை. மக்கள் அசைந்தார்கள். 1998 டிசம்பர் 10-ஆம் தேதி கேப்டவுன் தேவாலயப் படிகளில் ஒரு சிறு கூட்டம் கூடித் தொடங்கியதுதான் சிகிச்சைக்கான செயல் இயக்கம். அதன் தலைவர் ஸாக்கி அக்மத் எச்.ஐ.வி. தொற்றியவர். ஏழைகளுக்குக் கிடைக்காத மருந்து எனக்கும் வேண்டாம் என்று 2003 வரை மருந்து உண்ண மறுத்தவர். அவரும் அவருடைய தோழர்களும் எம்பெக்கியின் எதிரிகள் அல்லர். அவர்களில் பலர் அதே ஆளுங்கட்சிக்காக நிறவெறியை எதிர்த்துப் போராடியவர்கள்.

அவர்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தனர். 2002 ஜூலை 5-ஆம் தேதி நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் ஒருமித்த தீர்ப்பை வழங்கியது. மருத்துவர் தேவை எனக் கருதும் எந்த அரசு மருத்துவமனையிலும் நெவிராபின் தரப்பட வேண்டும், அதைத் தடுத்து வைத்திருப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மண்டேலா, எச்.ஐ.வி. தொற்றியவர் என்று பொருள்படும் வாசகம் அச்சிட்ட அந்த இயக்கத்தின் டி-சட்டையை அணிந்து நோயாளிகள் நடுவே நின்றார். தம் மகன் மக்காத்தோ 2005 ஜனவரியில் இறந்தபோது, காரணம் எய்ட்ஸ் என்பதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்.

அதிபரோ 2003 செப்டம்பரில், எய்ட்ஸ் கண்டு இறந்த எவரையும் தமக்குத் தனிப்பட்ட முறையில் தெரியாது என்று அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றிடம் கூறினார். அவர் நாட்டு மருத்துவ ஆய்வு மன்றத்தின் 2001 அறிக்கையோ, 15 முதல் 49 வயதுக்குள் நேர்ந்த இறப்புகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு எய்ட்சே காரணம் எனக் கணக்கிட்டிருந்தது!

பூண்டும் பீட்ரூட்டும்

தலைவரின் ஐயம் அவரோடு நின்றுவிடுவதில்லை. சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா சிமாங், பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று உணவுப் பட்டியல் போட்டார். 2006-இல் டொரோண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்கக் கூடத்தில் இவையே காட்சிக்கு வைக்கப்பட, உலகம் தலையில் அடித்துக்கொண்டது. நல்ல உணவு நோயாளிக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் பூண்டை வைத்தால், மருந்து உண்ணலாமா கூடாதா என்று தடுமாறும் ஏழை நோயாளி எதை நம்புவார்?

2003 நவம்பரில் அமைச்சரவை சிகிச்சைத் திட்டத்துக்கு இசைந்தது. 2004-இல்தான் அரசு மருத்துவமனைகளில் அது விரிவாகத் தொடங்கியது. அதற்குப் பிறகும் மெத்தனம் நீங்கவில்லை.

இந்தத் தாமதத்துக்கு என்ன விலை? அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டனர். போட்ஸ்வானா, நமீபியா ஆகிய அண்டை நாடுகள் செய்ததை ஒப்பிட்டுப் பார்த்து, 2000 முதல் 2005 வரை தவிர்த்திருக்கக்கூடிய உயிரிழப்புகள் 330,000-க்கும் மேல் என்றனர். தாயிடமிருந்து தொற்றிய, ஆனால் தடுத்திருக்கக்கூடிய குழந்தைகள் சுமார் 35,000. அதே 2008 செப்டம்பரில் எம்பெக்கி பதவி விலகினார். காரணம் எய்ட்ஸ் அல்ல, உட்கட்சி அதிகாரப் போட்டி. புதிய சுகாதார அமைச்சர் பார்பரா ஹோகன் பொறுப்பேற்றதும், எச்.ஐ.வி.தான் எய்ட்சுக்குக் காரணம் என்று தயங்காமல் அறிவித்தார். பின்னர் அந்நாட்டின் சிகிச்சைத் திட்டம் உலகிலேயே பெரியதாக வளர்ந்தது. எம்பெக்கியோ 2016-இல் எழுதிய கட்டுரையிலும் தம் நிலைப்பாட்டுக்கு நியாயம் சொன்னாரே தவிர, வருத்தம் தெரிவிக்கவில்லை.

கேள்வி கேட்பது குற்றமா? குற்றமே இல்லை. ஒரு மாணவர் கேட்கலாம், பத்திரிகையாளர் கேட்கலாம், குடிமகன் கேட்கலாம். அவர்கள் தவறாகக் கேட்டால் ஒரு வாதம் தோற்கும். ஆனால் மருந்துக் கிடங்கின் சாவியைக் கையில் வைத்திருப்பவர், விடை தெரியும்வரை பூட்டைத் திறக்கமாட்டேன் என்றால், அது வெறும் கேள்வியாக இருக்காது. உத்தரவாகிவிடும். எம்பெக்கி ஐயப்பட்டதை வரலாறு மன்னிக்கலாம். 5,000 பேர் விடை சொன்ன பிறகும், நீதிமன்றம் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தி வைத்ததைத்தான் மன்னிக்க இயலவில்லை.

டர்பன் மேடையில் அந்தச் சிறுவன் தனக்காக எதையும் கேட்கவில்லை. தனக்குக் காலம் கடந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். இனி பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகக் கேட்டான். அவன் கேட்டது அரசு மருத்துவமனைகளுக்கு எல்லாம் போய்ச் சேர நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. அந்த உத்தரவு வந்தபோது அவன் இறந்து ஓராண்டு கடந்திருந்தது.