மூன்று குந்தவைகளும் ஒரு சிம்மாசனமும்

குந்தவை என்றால் தமிழர்களுக்கு ஒரே ஒருத்திதான் நினைவுக்கு வருவாள். பழையாறை அரண்மனையில் இருந்துகொண்டு சோழ அரசியலையே ஆட்டிவைத்த இளைய பிராட்டி, வந்தியத்தேவனின் காதலி. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய பொன்னியின் செல்வன் செய்த வேலை அது. ஆனால் சோழர் வரலாற்றில் முக்கியமான குந்தவைகள் மூன்று பேர். கதையில் வராத இரண்டாவது குந்தவையின் திருமணம்தான் எழுபது ஆண்டுகள் கழித்துச் சோழ சிம்மாசனத்தின் வாரிசையே மாற்றியது. அந்தத் திருமணத்தைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தேடிப் போனால் என்ன கிடைக்கும்?

எந்தக் குந்தவை?

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர், பேத்திக்குப் பாட்டி பெயர் என்று வைத்துக்கொண்டே போன குடும்பம் இது. நல்ல வேளையாக, கல்வெட்டு எழுதியவர்கள் பெண்ணின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரைச் சேர்த்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வருபவள் 'பராந்தகன் குந்தவை'. இங்கே பராந்தகன் என்பது சுந்தர சோழன். அவள் ராஜராஜனின் அக்காள் என்றும், வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்றும் அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன. பொன்னும் திருமேனிகளுமாக அவள் கொடுத்தவை அங்கே நீளமாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. வந்தியத்தேவன் கற்பனைப் பாத்திரம் இல்லை என்பதற்கு ஆதாரமும் இதுதான்.

இரண்டாவது குந்தவை ராஜராஜனின் மகள். அத்தையின் பெயர் அவளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இவளைத் தேட வேண்டுமானால் காவிரிக் கரையை விட்டுக் கோதாவரிக் கரைக்குப் போக வேண்டும்.

வேங்கி மாப்பிள்ளை

கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு நடுவே இருந்தது வேங்கி நாடு. தஞ்சை போலவே அதுவும் நெல் விளையும் டெல்டா பூமி. அங்கே ஆண்ட கீழைச் சாளுக்கியர்களுக்குள் பெரிய பங்காளிச் சண்டை. 973-ல் தானார்ணவன் என்ற அரசன் கொல்லப்பட்டான். ஜடாசோட பீமன் நாட்டைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த 27 ஆண்டுகளை வேங்கிச் செப்பேடுகள் அரசன் இல்லாத காலம் என்றே குறிக்கின்றன.

தானார்ணவனின் மகன்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழ நாட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். ராஜராஜன் படை அனுப்பி 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சக்திவர்மனை வேங்கியில் அமர்த்தினான். தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையைக் கொடுத்தான். அண்ணனுக்குப் பின் 1011-ல் விமலாதித்தன் முடி சூடினான் என்பது ரணஸ்திபூண்டிச் செப்பேட்டுக் கணக்கு.

இந்த மாப்பிள்ளை மாமனார் ஊருக்கு வந்துபோனதற்கும் தடயம் இருக்கிறது. ராஜராஜனின் 29-ம் ஆட்சியாண்டில், அதாவது 1013-14 வாக்கில், வேங்கி விமலாதித்தன் திருவையாற்றுக் கோயிலுக்கு வெள்ளிக் கலசங்கள் கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். தியாகராஜ ஆராதனைக்காக அங்கே போகிறவர்கள் எத்தனையோ பேர். இந்த மாப்பிள்ளையின் பெயரும் அதே ஊரில்தான் இருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாமன் மகள், மறுபடியும் மாமன் மகள்

குந்தவைக்கும் விமலாதித்தனுக்கும் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். ராஜராஜ நரேந்திரன் என்று தெலுங்கு மக்கள் இன்றும் கொண்டாடுவது இவனைத்தான். நன்னயா மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இவன் அவையில்தான். 1022 ஆகஸ்ட் 16 அன்று இவனுக்கு முடிசூட்டு விழா நடந்தது.

ராஜராஜ நரேந்திரன் மணந்தது யாரை? தாய்மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை. கங்கையும் கடாரமும் கொண்ட அந்த ராஜேந்திரனேதான். இவர்களுக்குப் பிறந்த பையனுக்கும் தாய்வழித் தாத்தா பெயர்தான்: ராஜேந்திரன். அந்தப் பையனும் வளர்ந்து தன் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான்.

நம் ஊர்களில் 'முறைப்பெண்' என்று சொல்வார்களே, அதேதான். இரண்டு தலைமுறையாக அத்தை மகனும் மாமன் மகளும்! சொத்து வெளியே போகக் கூடாது என்று இன்றும் கிராமங்களில் சொல்லும் காரணம் அங்கே ஒரு ராஜ்யத்துக்கே பொருந்தியது.

இந்த உறவுகள் எல்லாம் கோருமில்லி, செல்லூர் போன்ற ஆந்திரச் செப்பேடுகளில்தான் வரிசையாகக் கிடைக்கின்றன. ஃப்ளீட், ஹூல்ஷ் போன்ற அறிஞர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றைப் படித்து வெளியிட்ட பிறகுதான் இந்தக் குடும்ப மரம் முழுதாகப் புரிந்தது.

அந்தப் பையனின் தாத்தா பாட்டிகள் நால்வரை எண்ணிப் பாருங்கள். அப்பாவின் அம்மா குந்தவை, அம்மாவின் அப்பா ராஜேந்திரன். இருவரும் ராஜராஜ சோழனின் பிள்ளைகள். ஆக அவன் தந்தை வழியிலும் ராஜராஜனுக்குக் கொள்ளுப்பேரன், தாய் வழியிலும் கொள்ளுப்பேரன். ஆனாலும் வம்சக் கணக்கில் அவன் சந்திர குலத்துச் சாளுக்கியன். சூரிய குலத்துச் சோழன் இல்லை!

அப்பா சொத்து போனது

விமலாதித்தனுக்கு மேளமா என்று இன்னொரு மனைவி இருந்தாள். அவள் மகன் விஜயாதித்தன் வாழ்நாள் முழுக்க ராஜராஜ நரேந்திரனோடு மோதினான். மேலைச் சாளுக்கியர்கள் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். 1061-ல் நரேந்திரன் இறந்தபோது வேங்கி மகனுக்குக் கிடைக்கவில்லை. சிற்றப்பன் விஜயாதித்தன் கைக்குப் போய்விட்டது.

ஆவணங்கள் எப்படிப் பேசும் என்பதற்கு இங்கே ஒரு நல்ல உதாரணம். பிற்காலத்தில் அந்த மகனுடைய பிள்ளைகள் வெளியிட்ட செப்பேடுகள் இதை வேறு மாதிரி சொல்கின்றன. சோழ நாட்டை விரும்பியதால் தங்கள் தந்தையே வேங்கியைச் சிற்றப்பனுக்குக் கொடுத்தார், அவர் 15 ஆண்டு ஆண்டார் என்பது அவற்றின் கதை. பறிபோனது தானமாக மாறிவிட்டது.

1070

சோழ நாட்டில் ராஜேந்திர சோழனின் மூன்று மகன்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். ராஜாதிராஜன் 1054-ல் கொப்பம் போர்க்களத்தில் இறந்தான். பிறகு இரண்டாம் ராஜேந்திரன், அவனுக்குப் பின் வீரராஜேந்திரன். 1070-ல் வீரராஜேந்திரனும் இறந்தான். அவன் மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தான். அதே ஆண்டில் அவனும் இறந்துபோனான். வேங்கி ராஜேந்திரன் சோழ சிம்மாசனத்தில் அமர்ந்தான். பின்னாளில் அவன் கொண்ட பெயர்தான் முதலாம் குலோத்துங்க சோழன்.

வாரிசா? அபகரித்தவனா? இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒருவர் காஷ்மீரத்துக் கவி பில்ஹணர். மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைக்கவி. விக்கிரமாதித்தன் வீரராஜேந்திரனின் மருமகன். மாமனார் இறந்ததும் தெற்கே வந்து மைத்துனனை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பினான், சில நாட்களிலேயே கலகத்தில் மைத்துனன் மாண்டான், வேங்கி அரசன் நாட்டைப் பிடித்தான் என்கிறார் பில்ஹணர்.

இன்னொருவர் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார். குலோத்துங்கனின் அவைக்கவி. வீரராஜேந்திரன் இறந்தபின் நாடு சீர்குலைந்து கிடந்தது, குலோத்துங்கன் வந்து காத்தான் என்கிறார். நடுவில் ஆண்ட அதிராஜேந்திரனைப் பற்றி மூச்சு விடவில்லை! குழந்தை பிறந்தபோதே கங்கைகொண்ட சோழனின் தேவி அவனை ஏந்தி, இவன் எங்கள் மகனாகிச் சூரிய குலத்தை விளக்குவான் என்று மகிழ்ந்ததாகவும் பாடுகிறார். மகள் வயிற்றுப் பேரனைச் சோழ குலத்துக்குள் கொண்டுவரும் வழி அது.

இருவருமே சம்பளம் வாங்கிய சாட்சிகள். யாரை நம்புவது?

மூன்றாவது சாட்சி ஒன்று இருக்கிறது. அது ஒரு பட்டம். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடுவார்கள். ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜாதிராஜன் ராஜகேசரி என்று வரிசை போகும். வீரராஜேந்திரன் ராஜகேசரி. அதிராஜேந்திரன் பரகேசரி. குலோத்துங்கன் சூடியது ராஜகேசரி. அதிராஜேந்திரனை அரசனாகவே ஏற்காவிட்டால் வீரராஜேந்திரனுக்கு அடுத்த பட்டமான பரகேசரியை அல்லவா அவன் எடுத்திருக்க வேண்டும்? பரணி மறைத்ததைப் பட்டம் ஒப்புக்கொள்கிறது. குலோத்துங்கன் தன்னை அதிராஜேந்திரனுக்கு அடுத்தவனாகவே வைத்துக்கொண்டான். அதிராஜேந்திரனின் சாவில் அவனுக்குப் பங்கில்லை என்று இதனால் நிரூபணம் ஆகாது. ஆனால் முந்திய அரசனை அவன் அழிக்கப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. 1070-ல் மோதிக்கொண்டவை இரண்டு திருமணங்கள்! வீரராஜேந்திரன் மகளை மணந்த விக்கிரமாதித்தன் ஒரு பக்கம். ராஜராஜன் மகள், ராஜேந்திரன் மகள், இரண்டாம் ராஜேந்திரன் மகள் என்று மூன்று தலைமுறைத் திருமணங்களின் பலத்தோடு குலோத்துங்கன் மறு பக்கம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. இங்கிலாந்தில் 1154-ல் இரண்டாம் ஹென்றி முடி சூடியதும் தாய் மட்டில்டா வழியாகத்தான். அவள் முதலாம் ஹென்றியின் மகள். அங்கேயும் நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகே மகள் வயிற்றுப் பேரனுக்கு நாடு கிடைத்தது.

சொல்லாமல் விட்டது

குலோத்துங்கன் 1070 முதல் சுமார் 50 ஆண்டுகள் ஆண்டான். அவன் வழிவந்தவர்களே 1279 வரை சோழர்களாக ஆண்டார்கள். ஆனால் அவனது தமிழ் மெய்க்கீர்த்திகள் நிலமகளையும் திருமகளையும் அவன் மணந்ததாகச் சொல்லுமே தவிர, அவன் தந்தை யார் என்று சொல்லாது. வேங்கிச் செப்பேடுகளோ சந்திரனில் தொடங்கிக் குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி வரை பெயர் சொல்லும். தமிழ் மக்களிடம் அவன் சோழன், தெலுங்கு மக்களிடம் சாளுக்கியன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நடுவில் நின்ற பெண்கள் தெரிகிறார்கள்.

மூன்றாவது குந்தவை? சிதம்பரத்தில் இருக்கிறாள். 1114-ல் நடராசர் கோயிலுக்குப் பொன் கொடுத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அவளை 'ராஜராஜன் குந்தவை' என்கிறது. இந்த ராஜராஜன் தஞ்சைப் பெரியவன் இல்லை, வேங்கி நரேந்திரன். அவள் குலோத்துங்கனின் தங்கை. கோதாவரிக் கரைக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர், நூறு ஆண்டு கழித்து அவள் பேத்தியோடு சோழ நாட்டுக்கே திரும்பி வந்து கல்லில் ஏறியிருக்கிறது.