பிரெஞ்சு வரைபடம், நம்ம எரிபொருள்

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனதைப் பற்றிப் பேச்சு எடுத்தால், சொல்தா பென்ஷனில் தொடங்கி பாரீஸில் இருக்கும் பேரப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் முடியும். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதற்கு ஏழு வருஷம் கழித்து அதே பிரான்ஸிடமிருந்து இன்னொன்று வந்தது. எங்க ஊருக்கு இல்லை, இதே கடற்கரையோடு வடக்கே போனால் வரும் கல்பாக்கத்துக்கு. அது ஓர் அணு உலையின் வரைபடம்.

தெற்கு பிரான்ஸில் கதராஷ் என்ற இடத்தில் 1967-ல் இயங்கத் தொடங்கிய ராப்ஸோதி என்ற சோதனை உலைதான் மூலம். 1969-ல் ஒப்பந்தம் ஆனது. நம் பொறியாளர்கள் கதராஷுக்கே போய் உட்கார்ந்து வடிவமைப்பைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இது வேக உலை. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க இதில் எதுவும் கிடையாது, வெப்பத்தை எடுத்துப் போவது உருகிய சோடியம். ராப்ஸோதி மின்சாரம் தயாரிக்கவில்லை. கல்பாக்கத்தில் நீராவிக் கலமும் டர்பைனும் சேர்த்துக்கொண்டார்கள்.

ராப்ஸோதியின் எரிபொருளில் 30 சதவீதம் புளூட்டோனியம் ஆக்ஸைடு, மீதி 85 சதவீதம் செறிவூட்டிய யுரேனியத்தின் ஆக்ஸைடு. 1974-ல் பொக்ரான் வெடித்தது. அப்புறம் அந்த யுரேனியம் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டடம் ஏறிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் வைக்க விறகில்லை.

சாதாரண யுரேனியத்தைப் போட்டால் போதாதா? போதாது. சின்ன மையம் என்றால் நியூட்ரான்கள் பக்கவாட்டில் தப்பி ஓடும். தொடர்வினை நிற்காமல் நடக்கப் புளூட்டோனியத்தின் பங்கைக் கூட்டியே ஆக வேண்டும். கூட்டினால் அந்த ஆக்ஸைடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, சோடியத்தோடும் ஒத்துப்போகாது. கார்பைடு ஒத்துப்போகும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கிற சரக்கு அது. டிராம்பேயில் மந்த வாயு நிரப்பிய பெட்டிகளுக்குள் கைவிட்டுச் செய்தார்கள். 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு. இந்தக் கலவையில் உலகில் வேறு எந்த உலையும் ஓடியதில்லை.

கணக்கு இங்கேதான் சுவாரஸ்யமாகிறது. உலையின் மையத்தை வடிவமைப்பது என்றால் ஒன்றை இழுத்தால் இன்னொன்று நகரும் கதை. எத்தனை கட்டு எரிபொருள், எந்த இடத்தில் எது, எங்கே வெப்பம் குவியும், சோடியம் எவ்வளவு சூடாகும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூட்ரான்களை அவற்றின் ஆற்றல்படி 25 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை பிறக்கும், எத்தனை விழுங்கப்படும், எத்தனை தப்பும் என்று கணினி கணக்குப் போடும். அதற்கான தரவுத் தொகுதியும் கதராஷில் தொகுத்ததுதான். யுரேனியம் நின்றது, எண்கள் கையில் இருந்தன!

ஆனால் எந்தக் கணினிக்கும் தெரியாத ஒன்று இருந்தது: இந்தக் கார்பைடு உள்ளே போனபின் எப்படி நடந்துகொள்ளும்? தெரியாததையும் ஒரு வரம்பாகக் கணக்கில் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். ஒரு சென்டிமீட்டர் ஊசிக்கு 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. 40 மெகாவாட் வெப்பத்துக்குத் திட்டமிட்ட உலை பத்தரை மெகாவாட் அளவுக்குச் சுருங்கியது. ஒரு கட்டில் 61 ஊசி. ஊசிக்குள் எரிபொருளின் உயரம் 32 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் அளவுதான். அப்படி 22 கட்டுகள். 1985 அக்டோபர் 18-ல் தொடர்வினை தொடங்கியபோது தாய் உலை ராப்ஸோதியை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

1987-ல் எரிபொருளை இடம் மாற்றும்போது ஒரு கட்டு வளைந்து உலை சுமார் இரண்டு வருஷம் நின்றது. எந்தச் சமன்பாட்டிலும் அது இல்லை. 1997-ல் மின்சாரம் கட்டமைப்புக்குப் போனது. எரித்த ஊசிகளை வெட்டிப் பரிசோதித்து, வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 250 வாட் 400 ஆனது. ஒரு டன் எரிபொருளிலிருந்து எடுக்கலாம் என்று முதலில் அனுமதித்தது 25,000 மெகாவாட்-நாள். அது 1,65,000 வரை போனது.

பக்கத்திலேயே கட்டிய 500 மெகாவாட் உலையின் மையத்தில் 181 எரிபொருள் கட்டுகள். நடுவில் புளூட்டோனியம் சுமார் 21 சதவீதம், வெளிவட்டத்தில் 28. வெப்பம் நடுவிலேயே குவியாமல் பரவட்டும் என்று போட்ட கணக்கு இது. எரிபொருள் ஆக்ஸைடுதான், கார்பைடு இல்லை.

சின்ன உலை 40 மெகாவாட்டை எட்டியது 2022 மார்ச்சில். கதராஷ் ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் 53 வருஷம்.