தண்ணீருக்கு வைத்தியம்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் மாணவர்கள் "சாரே" என்று கூப்பிட்டு, என் ஊரான சிதறாலிலும் அதுவே நிலைத்துவிட்டது. என் வேலையில் பாதி, ஜாடிகளில் குறைந்துபோகும் ஃபார்மலினை நிரப்பி வைப்பது. ஜாடிக்குள் கிடக்கும் நட்சத்திர மீன்களெல்லாம் வெளிறிப்போய் ஒரே நிறத்தில் இருக்கும். உயிரோடு இருக்கையில் இது என்ன நிறம் சாரே என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

நம் கடலின் நட்சத்திர மீன் அறிவியல் ஏடுகளில் ஏறியதும் செத்த பிறகுதான். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் சேகரித்தவற்றை, லண்டனில் ஜெஃப்ரி பெல் 1888இல் விவரித்து எழுதினார். அதே அருங்காட்சியகத்தின் கிரேவ்லி 1927இல் குருசடைத் தீவின் முள்தோலிகளைப் பதிவு செய்தார். இடையில் முத்துக்குளிப்புப் பார்களை ஆராய இலங்கைக்கு வந்த ஹெர்ட்மேனுக்கு, நட்சத்திர மீன் முத்துச்சிப்பியைத் தின்று தீர்க்கும் எதிரி.

ஆனால் மெரினாவில் கடல் உயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு காட்ட வேண்டும் என்று முயன்றதும் அந்தத் தர்ஸ்டன்தான். 1908இல் அவர் ஓய்வு பெற்றுப் போனார். 1909இல் மெரினா மீன் காட்சியகம் திறந்தது. உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942இல் அதை மூடினார்கள். பழைய பெருமை பிறகு வரவேயில்லை.

எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே, எங்களுக்குச் சென்னை தூரம். திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1938இல் கடல் உயிரியலுக்கும் மீன்வளத்துக்கும் ஒரு துறை தொடங்கியது. திருவனந்தபுரம் கடற்கரையில் மீன் காட்சியகமும் இருந்தது. என் அப்பா சிறுவயதில் அதைப் பார்த்திருக்கிறார். "மீன் நம்மளப் பாக்கும்" என்பார். அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது.

வீட்டில் கடலை வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பழையது. 1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கடற்கரையிலிருந்து பவளப்பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். தண்ணீருக்குக் காற்று வேண்டுமே! வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள், நாள்தோறும். வரலாற்றில் அம்மையாரின் பெயர் இருக்கிறது. கை வலித்தவளின் பெயரை நான் எங்கும் படிக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்துக் கரண்டு போனபோது, மோட்டார் நின்ற எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரியும் செய்தது அதே வேலைதான். நாட்கணக்கில் கரண்டு வரவில்லை. மூன்று மீனைத் தவிர மற்றதெல்லாம் பிழைத்தது.

மலைமேல் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கும் ஊர் இது. "மேல தீர்த்தங்கரர் இருக்காரு, கீழ நீரு உயிரைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கீரு" என்று நண்பர் ஒருவர் குத்துவார். அவருக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. இப்போது தொட்டியில் இருக்கும் நட்சத்திர மீன் தேங்காப்பட்டணத்தில் கரமடி வலை இழுத்துக் கொட்டிய குவியலிலிருந்து எடுத்தது என்பதை மட்டும் சொல்வேன். காகம் கொத்துவதற்கு முன் எடுத்தேன்.

ஆஸ்ட்ரோபெக்டன் என்ற, மணலில் புதையும் சாதி. ஓரமெல்லாம் முள்வரிசை. பல நட்சத்திர மீன்களைப்போல் கண்ணாடியைப் பற்றி ஏறாது; இதன் குழல்கால்களில் உறிஞ்சி கிடையாது. நல்ல ஆரோக்கியத்தில் இருந்தால், கவிழ்த்துப் போட்டதும் புரண்டு நிமிர்ந்து, சற்று நேரத்தில் மணலுக்குள் இறங்கிவிடும். இது புரளவில்லை. ஒரு கையின் நுனி வெளுத்துத் தளர்ந்திருந்தது.

இந்த உயிருக்குச் சிறுநீரகம் இல்லை. முதுகிலுள்ள சல்லடைத் தகட்டுக்கும் கால்களுக்கும் இடையே குழாய்கள் ஓடுகின்றன; அவற்றில் நிரம்பியிருப்பது ஏறக்குறையக் கடல்நீரே. வெளியே உப்பு குறைந்தால் உள்ளேயும் குறையும். அதனால் கடைக்காரர் தரும் புட்டி மருந்துகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விடுகிற செம்பு மருந்து இதைக் கொன்றே போடும். நான் பார்த்த வைத்தியமெல்லாம் தண்ணீருக்குத்தான். தனித் தொட்டி, பொடிமணல், மங்கிய வெளிச்சம். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் விட்டேன். ஹைட்ரோமீட்டர் 1.025 காட்ட வேண்டும். இடவப்பாதி மழையில் எங்கள் பக்கத்துத் தாமிரபரணி செம்மண்ணோடு தேங்காப்பட்டணத்தில் கடலில் விழும். அந்த மாதங்களில் முட்டம் பாறைப்பக்கம் போய்த்தான் கேனில் மொண்டு வருவேன். பெட்ரோல் செலவை வீட்டில் சொல்வதில்லை.

நட்சத்திர மீன் நோய் என்றால் உலகம் பேசுவது அமெரிக்காவின் மேற்குக் கரையை. 2013இலிருந்து அங்கே கோடிக்கணக்கில் கைகள் கழன்று, உடல் கரைந்து செத்தன. சூரியகாந்தி நட்சத்திர மீன் பெரும்பாலும் அழிந்தே போயிற்று. காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025இல்தான் வெளியிட்டார்கள். முதலில் திசுவில் தேடியிருக்கிறார்கள். கடைசியில் சிக்கியது உடற்குழிக்குள் இருக்கும் நீரில். பன்னிரண்டு வருடம்! ஜாடிகளோடு காலம் கழித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஃபார்மலினில் போட்டவுடன் அந்த நீர்தான் முதலில் போய்விடும்.

என்னுடையதுக்கு அந்த நோய் இல்லை, வெயிலும் வலையும் பட்ட காயம்தான். வெளுத்த நுனி விழுந்தது. தொட்டி நாறாமலிருக்க உடனே எடுத்துப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து மணலில் புதையத் தொடங்கியது. இப்போது விழுந்த இடத்தில் சின்ன மொட்டு. பொடி மட்டிகளை முழுசாக விழுங்கி, ஓட்டை மட்டும் வெளியே தள்ளுகிறது. கறிக்கு வாங்கியதிலிருந்துதான் எடுத்துப் போடுகிறேன் என்று வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. இனி அதற்குத் தனியாக வாங்க வேண்டுமாம்.