சுரங்கத்துக்குள் ஒரு சம ஊதியம்

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கலவை சுமக்கும் ஆண் அங்கே 'பெரியாள்', பெண் 'சித்தாள்'. கூலியின் அளவும் அந்தப் பெயர்களிலேயே அடங்கிவிடுகிறது. அவர்களைக் காணும்போதெல்லாம் இரண்டாம் உலகப் போரின் ஒரு கிளைக்கதை என் நினைவுக்கு வரும்.

போர்க்காலப் பெண் தொழிலாளி என்றதும் நம் கண்முன் நிற்பவள், சட்டைக்கையை மடித்துப் புஜம் காட்டும் அமெரிக்கச் சுவரொட்டிப் பெண். ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெண்கள் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் வந்தார்கள். அவர்களில் பலருக்கு அது புதிதாய்த் திறந்த கதவு.

இந்தியாவில் திறந்ததோ, சாத்தப்பட்டிருந்த பழைய கதவு. ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் சந்தால், பௌரி பெண்கள் தலைமுறைகளாகக் கணவனுடன் இறங்கிக் கரி சுமந்தவர்கள். 1929-இல் வந்த விதிகள் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றின. 1937-இல் தடை முழுமையானது. போர் வந்தது. கூடுதல் கூலி கிடைத்த ராணுவக் கட்டுமானப் பணிகளுக்கு ஆண்கள் பெயர்ந்தனர், கரி உற்பத்தி சரிந்தது. 1943-இல் அரசு தடையை விலக்கிப் பெண்களை மீண்டும் சுரங்கத்துக்குள் இறக்கியது.

அகில இந்திய மாதர் மாநாடு இதைக் கடுமையாக எதிர்த்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர் அம்பேத்கர். 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் அரசின் முடிவுக்காக அவர் வாதாட வேண்டியிருந்தது. இது நெருக்கடிக்கால ஏற்பாடு என்றார். ஒரே வேலைக்கு ஆணுக்குள்ள ஊதியமே பெண்ணுக்கும் என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டினார்.

1946-இல் தடை திரும்ப வந்தது. இருளும் ஆபத்தும் நிறைந்த வேலையிலிருந்து பெண்கள் காக்கப்பட்டார்கள் என்பது உண்மை. சம ஊதியம் கிடைத்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்பதும் உண்மைதான். இதில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

2019-இல் நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு மட்டும். சுமப்பவளுக்கு அந்த அனுமதியில் இடமிருக்கவில்லை. 1976-இல் வந்த சம ஊதியச் சட்டமும் எதிர்க்கட்டடத்தை எட்டியதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அங்கே கூலி எண்ணித் தருகிறார்கள். பெரியாளுக்கு ஒரு கணக்கு, சித்தாளுக்கு ஒரு கணக்கு.