வாசலில் நிற்கும் உடுப்பு

போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த ஞாயிறு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில ஒரு போட்டோ வந்து விழுந்தது. கொரியாவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் சாச்சியின் மகன் அனுப்பியது. நாங்கள் சின்னக் காக்கா என்று கூப்பிடுறவர். சிவப்பு நிறத்தில் நீண்ட அங்கி, நெஞ்சில் தங்க நிற டிராகன், தலையில் கறுப்புத் தொப்பி, பின்னால் பெரிய ஓட்டுக்கூரை வைத்த ஒரு அரண்மனை வாசல்.

உம்மம்மா போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். "இவன் என்ன கா, நமக்கிட்டச் சொல்லாமலே கலியாணம் முடிச்சிட்டானா? மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டு நிக்கான்!"

வீடே சிரித்தது. கொஞ்ச நேரத்தில காக்காவின் வொய்ஸ் வந்தது: "இல்ல உம்மம்மா, இது ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்த உடுப்பு. இதைப் போட்டுக்கிட்டுப் போனா டிக்கட் இல்லாம உள்ளுக்க விடுவாங்க."

எல்லோரும் அடுத்த போட்டோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசி வசனம் மண்டைக்குள் நின்றுவிட்டது. ஒரு உடுப்பைப் போட்டால் உள்ளே விடுவார்களாம். நான் வளர்ந்த வயதில் வாசல்களில் கேட்டதெல்லாம் இதற்கு நேர்மாறான வசனம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சிவப்பு அங்கியின் கதையைப் பார்ப்போம்.

ராசாவின் உடுப்பு யாருக்கு?

கொரியர்களின் மரபு உடுப்பை ஹன்பொக் என்கிறார்கள். குட்டையான மேற்சட்டை, பெண்களுக்கு நெஞ்சிலிருந்து விரியும் பாவாடை, ஆண்களுக்குத் தொளதொளத்த காற்சட்டை. காக்கா போட்டிருந்தது அதிலும் ஒருபடி மேலே. ஜோசோன் அரச வம்சத்தின் ராசா அணிந்த அங்கி அது. அந்த வம்சம் 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்டது. அவர் நின்ற வாசல், 1395-ல் கட்டப்பட்ட கியொங்பொக்குங் அரண்மனையுடையது.

ஜோசோன் காலத்தில் யார் என்ன நிறம் உடுக்கலாம் என்பது தகுதியைப் பொறுத்தது. குடிமக்கள் பெரும்பாலும் உடுத்தது வெள்ளை. டிராகன் போட்ட சிவப்பு அங்கியை ஒரு சாதாரண மனிதர் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கினால் அவர் உயிரோடு வீடு திரும்பியிருக்க மாட்டார். ஆறு நாள் கம்பனி யூனிபோம் போடும் எங்கள் காக்கா ஏழாம் நாள் அதைப் போட்டுக்கொண்டு செல்பி எடுக்கிறார். ஏன் முடிகிறது? அந்த அங்கிக்குரிய ராசா இப்போது இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலத்திலும் ஒரு நாளைக்கு மட்டும் விலக்கு இருந்தது. கலியாண நாள். அன்றைக்கு ஏழை மாப்பிள்ளையும் அரச அதிகாரியின் அங்கியைப் போடலாம். மணமகளும் அரண்மனைப் பெண்களின் அங்கியைப் போடலாம். அவ்வளவு விலையுள்ள உடுப்பைச் சொந்தமாகத் தைக்க யாரால் முடியும்? ஊருக்குப் பொதுவாக ஒரு சோடி வைத்திருந்து மாறி மாறி உடுத்தினார்கள். கலியாண வீட்டுக்கும் மௌத்து வீட்டுக்கும் தேவையான சாமான்களை வாடகைக்கு விடும் கடைகளும் இருந்தன. நம்ம ஊரில் பள்ளிவாசல் கிடாரமும் சஹனும் வாடகைக்கு எடுக்கிற மாதிரிதான். ஆக, வாடகை ஹன்பொக் இன்ஸ்டகிராம் பெற்ற பிள்ளை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வயது கூட.

இதே விசயம் நம் நாட்டிலும் நடக்கிறது. சிங்களக் கலியாணங்களில் மாப்பிள்ளை போடும் நிலமே உடுப்பைப் பார்த்திருப்பீர்கள். நாலு மூலைத் தொப்பி, புடைத்த கைகள், இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி. கண்டி இராச்சியத்தின் பிரதானிகள் உடுத்தியது. 1815-ல் அந்த இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்றைக்கு அந்த உடுப்பை வாடகைக்கு எடுத்து எந்தத் தொழில் செய்யும் மாப்பிள்ளையும் ஒரு நாள் நிலமே ஆகலாம். அதிகாரம் போன பிறகுதான் அதிகாரத்தின் உடுப்பு வாடகைக் கடைக்கு வருகிறது.

கத்தரிக்கோலோடு நின்ற வாசல்

கியொங்பொக்குங் வாசல் எப்போதும் சிரித்த முகத்தோடு வரவேற்ற வாசல் அல்ல. 1895 ஒக்டோபரில் அந்த அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியர்கள் ராணியைக் கொன்றார்கள். அதே வருசம் டிசம்பர் 30-ம் திகதி, ஜப்பானுக்குச் சார்பான அமைச்சரவை ஒரு கட்டளை போட்டது: ஆண்கள் எல்லோரும் தலைக்குடுமியை வெட்ட வேண்டும். கல்யாணமான கொரிய ஆண் முடியை உச்சியில் முடிந்து, அதன் மேல் தொப்பி வைப்பார். தாய் தகப்பன் தந்த உடம்பில் ஒரு மயிரையும் சேதப்படுத்தக் கூடாது என்பது அவர்களின் ஒழுக்கம். கோஜோங் ராசாவின் குடுமியே முதலில் வெட்டப்பட்டது.

பிறகு சியோல் நகர வாசல்களில் கத்தரிக்கோலோடு ஆட்கள் நின்றார்கள். உள்ளே வருகிறவனின் குடுமி அங்கேயே போகும். விளைவு என்ன தெரியுமா? கிராமத்து ஆட்கள் விறகும் மரக்கறியும் கொண்டு நகரத்துக்கு வரப் பயந்தார்கள். நகரத்தில் விலை ஏறியது. நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. 1896 பெப்ரவரியில் ராசா ரஷ்யத் தூதரகத்துக்குள் தஞ்சம் புகுந்த பிறகு கட்டளை வாபஸானது.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கொழும்பு.

1905 மே மாதம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர், துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஏற்கவில்லை. தொப்பியோடு இங்கே வாதாட முடியாது என்றார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை, வெளியேறினார். இலங்கை முஸ்லிம்கள் திரண்டார்கள். அந்த வருசம் டிசம்பர் 31-ம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெரும் கூட்டம் நடந்தது. சியோலின் குடுமிக் கட்டளைக்குச் சரியாகப் பத்து வருசமும் ஒரு நாளும் கழித்து. கடைசியில் தொப்பியோடு நிற்க அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொரு இடம். அந்தத் தொப்பி நம்முடையதே இல்லை! துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820-களில் தன் படைக்கும் அதிகாரிகளுக்கும் கொண்டுவந்த தொப்பி அது. எகிப்தின் ஒராபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தார். அவரைப் பார்த்து இங்குள்ளவர்கள் அதை விரும்பி அணிந்தார்கள். அதாவது, இரவல் தொப்பி. அதற்காக ஒரு சமூகமே நீதிமன்ற வாசலில் நின்றது. அடுத்த இருபதாவது வருசம், 1925-ல், துருக்கியே அந்தத் தொப்பியைத் தடை செய்துவிட்டது.

"அது அரபு உடுப்பு, உங்கட உடுப்பு இல்லையே" என்று அபாயாவைப் பற்றி யாராவது எனக்கு வகுப்பெடுக்கும்போது நான் இந்தத் தொப்பியைத்தான் நினைப்பேன். உடுப்பு எங்கே பிறந்தது என்பதை வைத்து அது யாருடையது என்று சொல்லிவிட முடியாது.

தடையிலிருந்து இலவச டிக்கட்டுக்கு

1910-ல் ஜப்பான் கொரியாவை முழுதாக விழுங்கியது. அரண்மனையின் பெரும்பாலான கட்டடங்களை இடித்து, 1926-ல் அதன் முன்னாலேயே தன் ஆட்சித் தலைமையகத்தைக் கட்டி முடித்தது. கொரியர்களின் வெள்ளை உடுப்பையும் விடவில்லை. நிற உடுப்புப் போடச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். சந்தைக்கு வெள்ளை உடுத்தி வந்தவர்கள் மேல் மை தெளித்த சம்பவங்களும் உண்டு.

ஜப்பான் போன பிறகு ஹன்பொக்கைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் தொழிற்சாலைகளும் பஸ்களும் வேகமான வாழ்க்கையும் வந்தன. பழைய முறைப்படி ஹன்பொக்கைக் கழுவுவதென்றால் தையலைப் பிரித்துக் கழுவி, கஞ்சி போட்டு, கட்டையால் தட்டி, திரும்பவும் தைக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில். அவர்கள் அதை விட்டதில் ஆச்சரியம் என்ன? உடுப்பு பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் என்று அலுமாரிக்குள் போனது. 1996-ல் அரசாங்கமே மாதத்தில் ஒரு நாள் ஹன்பொக் உடுங்கள் என்று கேட்கிற நிலை வந்தது.

2011 ஏப்ரலில் நடந்தது இன்னும் மோசம். சியோலின் பெரிய ஹோட்டல் ஒன்றின் பஃபே வாசலில் ஹன்பொக் தைக்கும் வடிவமைப்பாளர் ஒருவரைத் தடுத்தார்கள். அவர் உடுத்தியிருந்ததும் ஹன்பொக். பாவாடை விரிந்தது, மற்றவர்கள் மிதித்து விழுவார்கள் என்பது காரணம். சொந்த நாட்டில், சொந்த உடுப்போடு, சாப்பாட்டு வாசலில். நாடே கொதித்தது, ஹோட்டல் மன்னிப்புக் கேட்டது.

2013 ஒக்டோபரிலிருந்து ஹன்பொக் உடுத்தி வருகிறவர்களுக்கு அரச அரண்மனைகளில் எந்த நாளும் இலவச நுழைவு. கியொங்பொக்குங் டிக்கட் வெறும் 3000 வொன்தான். ஆனால் அந்தச் சின்னச் சலுகை அரண்மனையைச் சுற்றி வாடகைக் கடைகளை முளைக்க வைத்தது. மணித்தியாலக் கணக்கில் உடுப்பு, முடி அலங்காரம், கைப்பை எல்லாம் தருகிறார்கள். கொரிய இளைஞர்களே வெட்கம் விட்டு உடுத்தத் தொடங்கினார்கள்.

இதிலும் சண்டை இருக்கிறது. வாடகைக் கடைப் பாவாடைக்குள் கம்பி வளையம், மேலே மினுங்கும் தங்க அச்சு, முதுகில் பெரிய ரிபன். இது ஹன்பொக்கா என்று மூத்த கைவினைஞர்கள் கேட்கிறார்கள். இந்தப் புதுப் பாணி உடுப்புக்கு இலவச நுழைவு வேண்டாம் என்ற பேச்சு 2018-ல் எழுந்தது, 2024-லும் எழுந்தது. அவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கே. ஒரு நாள் வாடகை கடையை வாழவைக்கும். நெய்கிறவரையும் தைக்கிறவரையும் வாழவைக்க வேண்டுமென்றால் யாராவது அதை வாங்கி உடுத்த வேண்டும்.

எங்கள் வாசல்

இப்போது நான் பிறகு சொல்கிறேன் என்ற கதை.

2019 ஏப்ரல் 21-ல் 250-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஏப்ரல் 26 இரவு எங்களுக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். மக்களுடைய பயம் பொய் இல்லை, நாங்களும் பயந்துதான் கிடந்தோம். ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடுவதற்குத் தடை வந்தது. சட்டம் சொன்னது முகத்தைப் பற்றி மட்டும். வாசலில் நின்றவர்களோ தலையையும் சேர்த்து வாசித்தார்கள். மே மாதக் கடைசியில் அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் உடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கையே வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அது மாற்றப்பட்டது.

நான் அப்போது ஓ/எல் படிக்கிறேன். உம்மாவுக்கு ஒரு டெஸ்ட் எடுக்க வேறொரு ஊருக்குப் போனோம். உம்மாவின் முகம் திறந்துதான் இருந்தது. வாசலில் நின்றவர், தலையில் இருப்பதைக் கழற்றினால் உள்ளே போகலாம் என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்தார், திரும்பினோம். பஸ் வரும்வரை வெயிலில் நின்றோம். "வாப்பாட்டச் சொல்லாத மகள்" என்றது மட்டும்தான் அன்றைக்கு அவர் பேசியது.

கத்தரிக்கோல் நின்ற நகர வாசல், லேயார்டின் நீதிமன்றம், ஹோட்டல் பஃபே, நாங்கள் திரும்பி வந்த அந்த வாசல். எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான். உடுத்தியவரிடம் கேட்காமல், உடுப்பின் அர்த்தத்தை வாசலில் நிற்கிறவர் முடிவு செய்கிறார். காக்கா ராசா உடுப்போடு நடந்தபோது அந்த உடுப்புக்கு யாரும் பயப்படவில்லை. அது ஒரு நாளில் திருப்பிக் கொடுக்கிற உடுப்பு. உம்மா தன் உடுப்பை எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பார்?

காக்காவின் போட்டோவை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் மை தெளிக்கப்பட்ட உடுப்பு இன்றைக்கு வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரையும் வரவேற்கிறது என்றால் அது நல்ல செய்தி. சட்டம் மாறினால் வாசல் மாறும் என்பதற்கு 2011-க்கும் 2013-க்கும் இடையில் உள்ள அந்த இரண்டு வருசம் சாட்சி.

அன்று இரவு உம்மம்மாவிடம் கேட்டேன்: "சுற்றுலாப் பயணி ஒருத்தர் அறுகம்பேயிலிருந்து இங்க வந்து, ஒரு நாளைக்கு உங்கட ஊர் உடுப்பைத் தாங்க என்று கேட்டா எதைக் குடுப்பீங்க?"

உம்மம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். அடியில் பழந்துணி சுற்றி ஒரு மருதமுனைக் கைத்தறிச் சேலை. 77-க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும், 2004-ல் கடல் வந்து போனதும் எல்லாம் கண்ட ஊரின் நெசவு. கலியாணமான புதிதில் வாங்கி, முக்காடு போட்டு உடுத்தியதாம். விரித்து மடியில் வைத்துத் தடவினார்.

"இதையா குடுப்பீங்க?"

"போ கா," என்றார். "இது வாடகைக்கு இல்ல. நீ வேணுமெண்டா உடு."

இந்தப் பெருநாளைக்கு அதைத்தான் உடுக்கப் போகிறேன். அடுத்த நாள் அபாயா போட்டுக்கொண்டு ஒலுவில் கெம்பசுக்குப் போவேன். இரண்டும் என் உடுப்புத்தான்.